சிறிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் வசதிகளும் வாய்ப்புகளும் குறைவாகத்தான் கிடைக்குமா?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு கவலைகள். நூலகமும் ஆய்வகமும் சிறியவை, அதனால் படிப்பு பாதிக்குமா? பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கு ஆள் எடுக்க வருவதில்லை, அப்படியானால் வேலை கிடைக்குமா? நான் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அப்படிப்பட்ட ஒன்றிலேயே நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கவலைகளோடு வரும் மாணவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். கவலையில் உண்மை உண்டு. ஆனால் அவர்களில் பலர், இருக்கும் வசதிகளைக் கேட்டுப் பெறாமலேயே படிப்பை முடித்துப் போகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் நூலகம். அலமாரியில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்பதை வைத்து அதை எடைபோடாதீர்கள். தன்னிடம் இல்லாத புத்தகத்தை வேறொரு நூலகத்திலிருந்து கடனாக வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல பல்கலைக்கழக நூலகங்களில் இருக்கிறது. எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்க்க, உலகம் முழுவதும் உள்ள ஆயிரக்கணக்கான நூலகங்களின் இருப்பைக் காட்டும் வேர்ல்ட்கேட் என்ற பொது அட்டவணை 1971 முதல் இயங்கி வருகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பதிப்பு ஆகியவற்றைச் சரியாக எழுதிக் கொடுப்பதுதான். கட்டுரையோ புத்தகத்தின் ஓர் அத்தியாயமோ என்றால் பெரும்பாலும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். முழுப் புத்தகம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் அசைன்மென்ட் கெடுவுக்கு முந்தைய நாள் வந்து கேட்காதீர்கள். அனுப்பும் நூலகம் கட்டணம் கேட்டால் அதை யார் கட்டுவது என்றும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கு இவ்வளவு காத்திருக்கவும் தேவையில்லை. அன்பேவால் என்ற உலாவி நீட்சி, கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் தேடிக் காட்டும். இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு 1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் என்ற இலவச இணையக் கட்டுரைக் களஞ்சியம் இருக்கிறது. அப்படியும் கிடைக்காவிட்டால் கட்டுரையை எழுதியவருக்கே சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தன் கட்டுரையை ஒரு மாணவர் தேடி வருவதைப் பார்த்துப் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடுதான் அனுப்பி வைக்கிறார்கள். அப்புறம், உங்கள் பல்கலைக்கழகம் எடுரோம் வலையமைப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதில் சேர்ந்திருக்கும் எந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போனாலும் உங்கள் சொந்தக் கணக்கை வைத்தே வைஃபை கிடைக்கும்.

ஆனால் சிறிய இடத்தின் உண்மையான பலம் வேறு. 1964இல் ரோஜர் பார்க்கர், பால் கம்ப் என்ற இரண்டு உளவியலாளர்கள், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பெரிய, சிறிய உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரிய பள்ளியில் நிகழ்ச்சிகள் அதிகம்தான். ஆனாலும் பொறுப்பான இடங்களில் நின்று வேலை செய்த அனுபவம் சிறிய பள்ளி மாணவர்களுக்கே கூடுதலாகக் கிடைத்தது. காரணம் எளிமையானது: செய்ய வேண்டிய வேலைகள் ஏறக்குறைய அதே அளவு, செய்ய ஆட்கள் குறைவு. அது பள்ளிகளைப் பற்றிய ஆய்வு, ஆனால் இதையே நான் பல்கலைக்கழகத்திலும் கண்ணால் பார்க்கிறேன்.

ஆய்வகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் நிறைய இருப்பார்கள், கருவிகள் அவர்கள் கையில்தான் இருக்கும். சிறிய இடத்தில் அப்படி ஆட்கள் இல்லாததால் பேராசிரியருக்கு இளநிலை மாணவரின் உதவி நிஜமாகவே தேவைப்படுகிறது. முதல் ஆண்டிலேயே கருவியைத் தொட்டு வேலை செய்ய இதுதான் வழி. கேட்கும்போது மட்டும் "ஏதாவது ப்ராஜெக்ட் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, புரிந்தது எது, புரியாதது எது என்று இரண்டு வரி எழுதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்றும் சொல்லிக் கேளுங்கள்.

இதன் பலன் பரிந்துரைக் கடிதத்தில் தெரியும். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பை நடத்தும் பேராசிரியர் உங்கள் மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன எழுத முடியும்? உங்களோடு ஒரு பரிசோதனை தோற்றதைப் பார்த்தவர், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுவார். மேற்படிப்புக்கான தேர்வுக் குழுக்கள் தேடுவது அப்படிப்பட்ட விவரத்தைத்தான். கடிதம் தேவைப்பட்டால் சில வாரங்கள் முன்பே கேட்டு, கடைசித் தேதியையும் நீங்கள் செய்த வேலையின் சுருக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விருப்பப் பாடங்கள் குறைவு. ஒரு துறையில் குறிப்பிட்ட பிரிவைத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால், அவர் விடுப்பில் போகும்போது பாடமும் நின்றுவிடும். அந்த நேரத்தில் தனிப்படிப்புக்கு அனுமதி கேட்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2001இல் அறிவித்து இலவசமாகத் திறந்துவிட்ட பாடப் பொருட்களைப் போன்றவற்றை வைத்து ஒரு பாடத்திட்டம் தயாரித்துக்கொண்டு போங்கள். மேற்பார்வைக்கும் மதிப்பீட்டுக்கும் ஒரு பேராசிரியர் ஒப்புக்கொண்டால், அதற்கு மதிப்பெண் தரும் விதி பல இடங்களில் இருக்கிறது.

வேலை விஷயம்தான் உண்மையில் கடினமானது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டபோது, சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் அடிக்கடி சந்திக்கும் நபரால் அந்த வேலை அமைந்திருந்தது. மற்றவர்களுக்கு எப்போதாவது, அல்லது அரிதாகச் சந்திப்பவர்தான் வழிகாட்டியிருந்தார். சிறிய வளாகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், ஆகவே எல்லோருக்கும் கிட்டும் தகவலும் ஒன்றேதான். வெளியே உள்ள தொடர்பை நாமாகத் தேடிக்கொள்ள வேண்டும். முன்னாள் மாணவர் அலுவலகத்துக்குப் போய், உங்களுக்குப் பிடித்த துறையில் வேலை பார்க்கும் ஒன்றிரண்டு பேரின் தொடர்பைக் கேளுங்கள். சிறிய இடத்தில் அந்த அலுவலர் பலரைப் பெயர் சொல்லியே நினைவில் வைத்திருப்பார். அவர்களிடம் எடுத்த எடுப்பில் வேலை கேட்காமல், அந்த வேலைக்குள் அவர்கள் எப்படி நுழைந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்தின் அளவைப் பார்க்காத திட்டங்களும் இருக்கின்றன. திறந்த மூல மென்பொருளுக்கு நிரல் எழுத 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டம் உங்கள் நிரலையும் திட்ட வரைவையும்தான் பார்க்கும். ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வு மையத்தின் கோடைக்கால மாணவர் திட்டத்துக்கு இயற்பியல், கணினி, பொறியியல் மாணவர்கள் விண்ணப்பிக்கலாம்.

மனநல ஆலோசகர், மாற்றுத்திறன் கொண்டவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், அவசர நிதியுதவி ஆகியவை பற்றி, படிப்பில் சேர்ந்த முதல் மாதமே விசாரித்து வையுங்கள். தேவை வரும் அன்று படிவம் தேடி அலையக் கூடாது. ஆலோசகர் ஒருவரே இருக்கும் இடத்தில் காத்திருப்புப் பட்டியல் நீளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சேர்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், துறைத் தலைவருக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள். சென்ற ஆண்டு இளநிலை மாணவர்கள் எத்தனை பேர் பேராசிரியர்களோடு ஆய்வு செய்தார்கள்? வெளி நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துத் தருகிறார்களா? இதே பிரிவில் படித்து முடித்த ஒருவரிடம் பேச முடியுமா? பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் சேருங்கள். மூன்றுக்கும் மழுப்பலான பதில்தான் வருகிறது என்றால் வேறு இடத்தையும் பாருங்கள்.