உணவு பாக்கெட் மேல் எச்சரிக்கை போட்டால் மக்கள் வாங்குவது குறையுமா?

சிலி நாட்டில் குறைந்தது. ஆனால் வெறும் லேபிளால் மட்டும் அல்ல.

2016 ஜூனில் அங்கே ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது வரம்பைத் தாண்டினாலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை விழும். உள்ளே வெள்ளை எழுத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று இருக்கும். நான்கையும் தாண்டினால் நான்கு முத்திரை. பின்பக்கப் பொடி எழுத்து அட்டவணையோடு மல்லுக்கட்ட வேண்டாம், பள்ளிப் பிள்ளைக்கே புரியும்.

முத்திரை விழுந்த எதையும் பள்ளிக்குள் விற்கக் கூடாது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரமும் செய்யக் கூடாது. காலை உணவு சீரியல் டப்பாவிலிருந்த கார்ட்டூன் புலியே காணாமல் போனது! வரம்புகளையும் 2018, 2019 என்று படிப்படியாக இறுக்கினார்கள். கடைசியில் திட உணவுக்கு 100 கிராமில் 10 கிராம் சர்க்கரைதான் எல்லை.

முதல் கட்டத்திலேயே முத்திரை விழும் இனிப்புப் பானங்களை வீடுகள் வாங்கிய அளவு சுமார் 24% சரிந்ததாக 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. முத்திரைக்குப் பயந்து கம்பெனிகளும் சர்க்கரையைக் குறைத்தன. இங்கேதான் ஒரு சிக்கல்: பல பானங்களில் அந்த இடத்துக்குச் செயற்கை இனிப்பூட்டி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு முத்திரை கிடையாது.

இதற்கு மாறாக அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் 2018 முதல் மெனுவில் கலோரி எண் போடுகின்றன. அதன் பலன் சொற்பம்தான். பசியோடு வரிசையில் நிற்பவர் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுவாரா என்ன?