ஏழாவது பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலூர் பற்றிய உங்கள் கட்டுரையில் கேசட் பதிந்து தரும் கடை ஒன்று ஒரே வரியில் வந்து போகிறது. அப்பா காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் முப்பது கேசட்டுகள் கிடைத்தன. எல்லாம் வேலூரில் பதிந்தவை. அட்டையில் ஏ பக்கத்துக்கு ஆறு பாட்டு எழுதி, ஏழாவது எண்ணுக்கு நேராக வெறும் பெருக்கல் குறி போட்டிருக்கிறது. பல கேசட்டுகளில் இப்படித்தான். பாட்டெல்லாம் இப்போது போனிலேயே இருக்கிறதே, தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

எஸ்., ராணிப்பேட்டை

அன்புள்ள எஸ்.,

தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பெருக்கல் குறி எனக்குத் தெரியும். அது பாய் கடை.

லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. பலகையில் வேறு ஏதோ பெயர் இருந்தது, அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 1989இல் வடாற்காடு மாவட்டம் பிரிவதற்கு முந்தைய கதை இது. நோட்டுத் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போய் நீட்டினால், பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார். "இன்னா தம்பி, பதினாறு எழுதிகினு வந்துக்கீற? பன்னெண்டுதான் நிக்கும்." 90 நிமிட கேசட் கேட்டால் தரமாட்டார். அதில் நாடா மெல்லிசு, வேலூர் வெயிலுக்கு இழுத்துக்கொள்ளும் என்பார். இசைத்தட்டு ஓடும் நேரம்தான் பதியும் நேரம் என்பதால் ஒரு கேசட்டுக்கு முழுசாக ஒரு மணி நேரம் ஆகும். தீபாவளி நெருங்கினால் இரண்டு வாரம் அலையவேண்டும்.

சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜுகளில் தங்கியிருக்கும் வங்காளிகளும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பாயின் உருதுவும் அவர்களுடைய இந்தியும் எப்படியோ ஒத்துப்போகும். அவர்களுக்கென்றே வங்காளப் பாடகர் ஹேமந்த குமார் தட்டு இரண்டு வைத்திருந்தார்.

சரி, பெருக்கல் குறிக்கு வருகிறேன். 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்று நாலரை நிமிடம் என்று வைத்தால் ஆறு பாட்டுக்கு 27 நிமிடம் போகும். மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவதைப் போட்டால் பாதியில் அறுந்துவிடும். மற்ற கடைகளில் வெறுமனே விட்டுவிடுவார்கள். பாய் விடமாட்டார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும், அரக்கில் செய்த பழைய தட்டு ஒன்றை எடுப்பார். அதன் பள்ளம் அகலம் என்பதால் ஊசியைத் திருப்பி மாட்டவேண்டும். வேகக் குமிழை 78க்குத் தள்ளி, தட்டைத் துணியால் வட்டமாகத் துடைத்து, ஊசியை இறக்குவார். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் பாட்டு. மிஞ்சிய இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அதற்குக் காசு வாங்கமாட்டார், அட்டையில் பெயரும் எழுதமாட்டார்.

பத்தாம் வகுப்பில் எனக்கு நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா கிடைத்தது இப்படித்தான். 1933இல், 27 வயதில் செத்துப்போன மனிதர், இளையராஜாவின் ஆறு பாட்டு முடிந்ததும் கரகரவென்ற இரைச்சலைக் கிழித்துக்கொண்டு உச்சஸ்தாயியில் வந்து நின்றார். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுநாள் சண்டைக்குப் போனேன். "எடம் இருந்துச்சு, போட்டேன். புடிக்கலன்னா குடு, அழிச்சிடறேன்" என்றார் பாய். நான் கொடுக்கவில்லை.

பாயைப் புனிதராக்கவும் எனக்கு மனமில்லை. ஒரு தட்டை வாங்கி ஊருக்கே பதிந்து விற்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் அதில் ஒரு பைசா போகவில்லை. காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் எம்பி3 தட்டு வந்தது. ஒன்றில் 150 பாட்டு. மூன்று நிமிடத்துக்குக் கணக்குப் பார்க்கிற வேலையே இல்லை.

உங்கள் கேசட்டுகளை எடுத்ததும் ஓடவிடாதீர்கள். நாளாகிவிட்டதால் நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். முதலில் பாட்டைக் கேட்காமல் ஃபார்வர்டு பட்டனில் கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றிவிடுங்கள். மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகள் இருந்தால் உடைத்துவிடுங்கள், கை தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. ஆறாவது பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு பாய் என்ன போட்டுக்கொடுத்தார் என்று எனக்கு எழுதுங்கள்.