கடையணையிலிருந்து கல்லணைக்கு

கேள்வி: எனக்கு வயது 62, மனைவிக்கு 58. ஆஸ்திரியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டான்யூப் ஆற்றங்கரைப் பாதையில் மூன்று நாள் சைக்கிளில் போனோம். ஏற்றமே இல்லை, அவசரமும் இல்லை. வழிகாட்டிப் பலகையைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் அடுத்த ஊர் வந்துவிடும். அதையே நம் காவிரிக் கரையில் செய்ய வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. கல்லணையில் தொடங்கி, மனைவி பிறந்த ஊரான குத்தாலம் வழியாகப் பூம்புகாரில் முடிப்பதாகத் திட்டம். சொந்தக்காரர்கள், "இந்த வயசுல எதுக்கு? ஒரு கார் எடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். மனைவிக்கு லேசாக முட்டிவலி உண்டு. வழியில் கழிப்பறை கிடைக்குமா என்பதும் அவருடைய கவலை. போகலாமா? எப்போது போவது?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் திட்டத்தை அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். பூம்புகாரில் தொடங்கிக் கல்லணையில் முடியுங்கள். பொங்கல் கழிந்த மறுவாரம் கிளம்புங்கள்.

ஆற்றோடு போனால்தானே இறக்கம் என்று நினைப்பீர்கள். கடலிலிருந்து கல்லணை வரை சாலை வழியே சுமார் 120 கிலோமீட்டர். அத்தனை தூரத்துக்கும் சேர்த்து நிலம் உயர்வது நூறு மீட்டர்கூட இல்லை. அந்த ஏற்றம் காலுக்குத் தெரியவே தெரியாது. டெல்டாவில் சைக்கிள்காரருக்கு மேடு என்பது காற்றுதான். தை மாதத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். மேற்கே மிதித்தால் அது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். காலை வெயிலும் முதுகில்தான் விழும், கண்ணைக் குத்தாது. கிழக்கே போனால் இரண்டும் முகத்தில். ஆடி மாதம் என்றால் கணக்கு மாறிவிடும். மேல்காற்று பலமாக அடிக்கும்போது நீங்கள் முதலில் போட்ட திட்டமே சரி. ஆனால் அந்த வெயிலில் உங்களைப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை.

மாதத்தை முடிவு செய்வதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும்: 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. அப்போது மண் கரையில் இறங்கினால் களிமண் மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரமே சுற்றாது. பொங்கலுக்குப் பிறகு மழை ஓய்ந்திருக்கும், கரை இறுகியிருக்கும், ஆற்றிலும் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற சமயமாக இருந்தால் ஒரு ஆறு நிறைந்தும் பக்கத்து ஆறு வற்றியும் கிடக்கலாம். அதற்காக மனம் உடைந்துவிடாதீர்கள். சம்பா அறுவடை தொடங்கியிருக்கும். அறுத்த வயலில் வாத்துக் கூட்டத்தை மேய விட்டிருப்பார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைவிட டெல்டா அழகாக இருக்கும் காலம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

டான்யூப் கரைப் பாதையோடு ஒப்பிட்டு ஏமாறாமல் இருக்க ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே அந்தப் பாதையின் பெரும்பகுதி, குதிரைகள் கரையில் நடந்து படகுகளை எதிர்நீரில் இழுத்துப் போன காலத்தில் உண்டானது. போக்குவரத்துக்கென்றே பிறந்ததால் ஊருக்கு ஊர் அறுபடாமல் போகிறது. நம் கரைகள் வெள்ளத்தில் உடைப்பு எடுக்காமல் ஊரைக் காப்பதற்காகப் போட்டவை. லஸ்கர் (கரையையும் மதகையும் கவனிக்கும் ஊழியர்) நடந்துபோய் மதகைப் பார்ப்பதற்கும், நீர்வளத்துறை ஜீப் போவதற்கும் ஏற்ற அளவில்தான் இருக்கும். பலகை எதுவும் இருக்காது. நல்ல தார்ச்சாலையாகப் போய்க்கொண்டிருப்பது திடீரென்று படித்துறையில் முடியும், மூங்கில் புதரில் முடியும், சில இடத்தில் சுடுகாட்டில் முடியும். சுடுகாட்டில் காரியம் நடந்துகொண்டிருந்தால் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஆகவே "காவிரிக் கரையை விட மாட்டேன்" என்று பிடிவாதம் வேண்டாம். ஒவ்வொரு பாலத்திலும் நின்று, "அடுத்த பாலம் வரைக்கும் எந்தக் கரையில போகலாம்?" என்று கேளுங்கள். "வண்டி போகுமா?" என்று மட்டும் கேட்டால் காரை நினைத்து இல்லை என்பார்கள். "டிவிஎஸ் பிஃப்டி போகுமா?" என்று கேளுங்கள். அது போகிற கரையில் உங்கள் சைக்கிளும் போகும். கிளை ஆறுகளையும் வாய்க்கால்களையும் ஒதுக்காதீர்கள். கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. காவிரிப் பக்கம் பஸ் நெருக்கடியாக இருந்தால் அரசலாற்றுப் பக்கம் இறங்கிவிடலாம். சொல்லப்போனால் சின்ன ஆற்றின் கரையில்தான் மர நிழல் ரோட்டை மூடும், எதிர்க்கரையில் துணி துவைப்பவரோடு பேசிக்கொண்டே போகலாம். கொள்ளிடக் கரை மட்டும் வேண்டாம். அகலமான வெறும் மணல், நீண்ட தூரத்துக்கு நிழல் இல்லை, ஆள் இல்லை.

பூம்புகாருக்கு அருகே மேலையூரில் கடையணை இருக்கிறது. காவிரியின் கடைசி அணை அதுதான். அங்கே ஆற்றைப் பார்த்தால், இதுவா காவிரி என்று கேட்பீர்கள், அவ்வளவு ஒடுங்கியிருக்கும். வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு கடலுக்கு வரும் ஆறு அது. அங்கிருந்து மேற்கே போகப் போக ஆறு அகன்றுகொண்டே வரும். எதிர்த்திசையில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காரில் போகிறவருக்கு இந்த வளர்ச்சி கண்ணில் படாது. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

முதல் நாள் மயிலாடுதுறை வரை 24 கிலோமீட்டர் போதும். மறுநாள் குத்தாலம் பத்துக் கிலோமீட்டர்தான். பிறந்த வீட்டுப் பக்கம் போய்விட்டு மத்தியானச் சாப்பாடு இல்லாமல் யார் விடுவார்கள்? அன்று அங்கேயே தங்கிவிடுங்கள். அடுத்த நாள் கும்பகோணம். அங்கே ஒரு நாள் ஓய்வு கட்டாயம், முட்டிக்காக. ஓய்வு நாளில் அரசலாற்றை ஒட்டிய தாராசுரம் கோயிலுக்கு ஆட்டோவில் போய்வரலாம்.

இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம், உமையாள்புரம், கணபதி அக்ரஹாரம் வழியாகத் திருவையாறு, முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரும். சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் நின்று பாருங்கள். மெழுகு உருவத்தின் மேல் அவர்கள் பூசுவது இந்தக் காவிரியின் வண்டல் மண். நீங்கள் சக்கரத்திலிருந்து சுரண்டி எடுக்கிற மண்ணும் அதே வகைதான். திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடாமல் நகரக் கூடாது. இரவு தங்குவதற்குத் தஞ்சாவூரே வசதி, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆற்றுப் பாலங்கள் வரும். கடைசி நாள் திருக்காட்டுப்பள்ளி, கோவிலடி வழியாகக் கல்லணை. தஞ்சாவூர் வழியாகப் போகும் கல்லணைக் கால்வாயின் கரை ஆசை காட்டும். பல இடங்களில் உள்சரிவுக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள், விழுந்தால் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. கால்வாய் ஓரமாக ஓட்ட வேண்டாம். ஷட்டர் இருக்கும் இடங்களுக்குக் கீழே குளிக்கவும் வேண்டாம், சுழல் இருக்கும்.

உங்கள் துணைவியாரின் முட்டிக்கு முதல் மருந்து சீட்டின் உயரம். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று நாம் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறோம். அப்படி ஓட்டினால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகமாக மடங்கி வலி கூடும். மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நேராக வேண்டும், லேசான மடிப்பு இருந்தால் போதும். நடுக்கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள், கொஞ்சம் அகலமான டயர். கியர் தேவையில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தினமும் சிறிது தூரம் ஓட்டிப் பழகுங்கள். கரையில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் உண்டு. மாற்று டியூப், பஞ்சர் பசை, காற்றடிக்கும் பம்பு மூன்றும் கையில் இருக்கட்டும். முள் வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள்.

கழிப்பறைக் கவலை நியாயமானது, அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. கரையில் எதுவும் கிடையாது. ஒரு நாளின் தூரத்தை நான் குறைத்துச் சொன்னதே இதற்காகத்தான். காலை ஏழரைக்குப் பனி விலகியதும் கிளம்பி, பதினொன்றரைக்குள் அடுத்த விடுதிக்குப் போய்விடலாம். நடுவில் ஒரு முறை பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், பெரிய ஓட்டல் ஏதாவது ஒன்று வரும்படி முதல் நாள் இரவே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும், நீங்கள் பின்னால் வாருங்கள்.

சாமான்களைச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பையை ஆட்டோவில் அனுப்பிவிடலாம். சென்னையிலிருந்து சைக்கிள்களை ரயில் பார்சலில் மயிலாடுதுறைக்குப் பதிவு செய்யலாம். கல்லணையிலிருந்து திருச்சி ரயில் நிலையத்துக்கு ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) பிடித்தால் இருவரும் இரண்டு சைக்கிளும் போய்விடலாம். அறைகளை மட்டும் டிசம்பரிலேயே சொல்லி வையுங்கள். தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும், அந்த நாட்களில் தஞ்சாவூர் வரைக்கும் இடம் கிடைக்காது.