போட்டோ எடுத்தீர்கள், ஏறினீர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டுக்கு ஹூஸ்டன் வந்திருக்கிறோம். போன வாரம் நியூ ஆர்லியன்ஸ் கூட்டிப்போனாள். செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் பச்சை நிற டிராம் ஒன்று வந்தது. நூறு வருஷத்துப் பழசாம். மனசு கரைந்துவிட்டது. ஏசி கிடையாது, கூட்டம் வேறு, அதனால் ஏறவில்லை. முன்னால் நின்று நிறையப் படம் எடுத்துக்கொண்டு காரில் திரும்பினோம். இந்தப் பழைய வண்டிகள் மேல் மக்களுக்கு ஏன் இத்தனை பிரியம்? அந்தக் காலத்து வாழ்க்கையின் அழகுதானே காரணம்? சென்னையிலும் டிராமைத் திரும்பக் கொண்டுவரலாமே?

க., திருநெல்வேலி

அன்புள்ள க. அவர்களுக்கு,

சென்னையை முதலில் முடித்துவிடுகிறேன். 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953-இல் நின்றது. இனி வந்தால் அது புது டிராம். அதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது 'ஏறவில்லை' என்ற சொல்லில்தான். ஐயா, அது என்ன கோயில் தேரா, தள்ளி நின்று கும்பிட? டிக்கெட் ஒன்றேகால் டாலர், பஸ்ஸுக்கும் அதே காசு. உங்களை விரட்டிய அந்தக் கூட்டத்தில் துலேன் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், ஹோட்டல் வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வண்டி. 1835-இல் போட்ட பாதை, 1893 முதல் மின்சாரம். 2014-இல் தேசிய நினைவுச் சின்னம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏசி இல்லையாம்! திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவர் எழுதுகிற வரியா இது? ஜன்னலைத் தூக்கிவிட்டால் ஓக் மரங்களின் காற்று வரும்.

அப்புறம் 'அந்தக் காலத்து அழகு'. நீங்கள் படம் எடுத்த வண்டி 1923-24-இல் வட கரோலினாவில் பெர்லி தாமஸ் கம்பெனி கட்டியது. அந்த வண்டிகளின் இருக்கை முதுகில் 1958 வரை ஒரு பலகையைச் செருகி வைப்பார்கள். பலகைக்கு முன்னால் வெள்ளையர், பின்னால் கறுப்பர். வெள்ளையர் கூட்டம் ஏற ஏறப் பலகை பின்னால் நகரும். இந்த அழகுக்காகவா ஏங்குகிறோம்? இன்றைக்கும் பச்சை வண்டியில் சக்கர நாற்காலியை ஏற்ற வழியில்லை. பழமை என்று சொல்லி அதை மறைக்க நான் தயாரில்லை.

பிரியத்துக்குக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியது. அந்த ஊரின் கனால் தெருவில் அதற்கு வெகு முன்பே, 1964-இல், டிராமை நிறுத்திவிட்டு பஸ் விட்டிருந்தார்கள். பிறகு மனசு மாறி, 2004-இல்தான் திரும்பத் தண்டவாளம் போட்டு டிராம் விட்டார்கள். அதற்கென்று ஊர்ப் பணிமனையிலேயே பழைய சாயலில் சிவப்பு வண்டிகளும் கட்டினார்கள். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அத்தனையும் வெள்ளத்தில் மூழ்கின. செயின்ட் சார்ல்ஸ் பாதையில் மின்கம்பிகள் அறுந்து கிடந்தன, ஆனால் பச்சை வண்டிகள் நின்ற கொட்டகைக்குள் தண்ணீர் ஏறவில்லை. அந்த டிசம்பரில் கனால் தெருவில் ஓடியவை அந்தப் பச்சை வண்டிகள்தான். எண்பது வயசுக் கிழவிகள் போய்ப் பேத்திகளின் வேலையைப் பார்த்தார்கள்.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? கழற்றலாம், மாட்டலாம், தேய்ந்ததைக் கடைந்து போடலாம், அதனால்தான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அப்பா. பஸ் டெப்போவில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். நான் அமெரிக்காவில் இருந்தபோது ஒருமுறை வந்தார். மூன்று வாரம் எதையும் தொடவில்லை. ஒருநாள் என் கார் பானெட்டைத் திறந்து பார்த்தார், எஞ்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. எதுவும் சொல்லாமல் மூடிவிட்டுப் போய் டிவி முன் உட்கார்ந்தார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் அந்த டிராமில் ஏறினதும் மனிதர் மாறிவிட்டார். இருக்கைக்குக் கீழே கையை விட்டு போல்ட்டைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். சின்னப் பையனைப் போல டிரைவருக்குப் பின்னால் போய் நின்று, கைப்பிடி எத்தனை படி திரும்புகிறது என்று வாய்க்குள் எண்ணினார். நான்தான் வெட்கப்பட்டு, "உட்காருங்கப்பா" என்று இரண்டு தரம் சொன்னேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

கடைசி நிறுத்தம் கிளெய்போர்ன் அவென்யூ. அங்கே வண்டி திரும்புவதில்லை, ஆட்கள்தான் திரும்ப வேண்டும். டிரைவரம்மா கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு இறங்கினார். கூரைமேல் நின்று மின்சாரம் எடுக்கும் பின்பக்கக் கம்பத்தைக் கயிற்றால் இழுத்துக் கீழே கட்டிவிட்டு, முன்பக்கத்துக் கம்பத்தை மேலே விட்டுக் கம்பியோடு சேர்த்தார். பிறகு உள்ளே வந்து நடுவழியில் நடந்துகொண்டே ஒவ்வொரு இருக்கையின் முதுகையும் பிடித்து அடுத்த பக்கம் தள்ளினார். டக், டக், டக். பாதி வண்டியைத் தாண்டுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே சத்தம். அப்பா.

இருவரும் நடுவில் சந்தித்தார்கள். கடைசி இருக்கையை அப்பா தள்ளிவிட்டு, ஆடுகிறதா என்று ஒருதரம் அசைத்துப் பார்த்தார். "மூட்டுல புஷ் மாத்தி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, நல்ல வேலை" என்றார் அந்த அம்மாவிடம், தமிழில். அவர் "யெஸ் சார்" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை.

ஹூஸ்டனில் இன்னும் எத்தனை நாள் இருப்பீர்கள்? காரில் ஐந்தாறு மணி நேரம்தான், மகளைக் கேட்டுப் பாருங்கள். சில்லறை சரியாக வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் மீதி தர மாட்டார்கள்.

அன்புடன்.