கேம் கம்பெனிகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்: கேள்வி பதில்

கேம் விளம்பரத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரட்டைவால் அம்மா: ஃபோர்ட்நைட் கேம் இலவசம்தானே சார்? காசு எப்படிப் போகிறது?

இலவசமெல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனால் உங்கள் பணம் 'வி-பக்ஸ்' என்ற கேம் காசாகிவிடும். அப்புறம் ரூபாய்க் கணக்கு பையனுக்கு மறந்துபோகும், மாற்றுவதே அதற்குத்தான். கடையில் புது உடை, புது நடனம் என்று தொங்கும், பக்கத்தில் கடிகாரம் ஓடும். இன்றைக்கு விட்டால் திரும்ப எப்போது வருமோ தெரியாது. காசு போடாமல், கேம் சும்மா தரும் உடையில் ஆடுகிறவனை மற்ற பிள்ளைகள் 'டிஃபால்ட்' என்று கேலி செய்வார்கள். கம்பெனிக்குச் செலவே இல்லாத விளம்பரம் அது.

2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு, ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி 52 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 27.5 கோடி, சிறுவர் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கு அபராதம், 24.5 கோடி, வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. ஆணையம் சாட்டிய குற்றங்களைக் கேளுங்கள்: ஸ்லீப் மோடிலிருந்து கேமை எழுப்பப் பட்டனை அழுத்தினாலே பொருள் வாங்கியதாகிவிட்டது. வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்டால் கேம் கணக்கையே பூட்டிவிட்டார்கள், அதுவரை வாங்கியதும் போச்சு.

போனில் கார்டு நம்பரைச் சேமிக்காதீர்கள்.

புதுவரவு: ஆறு வயசுக்குச் சேஃபான கேம் எது?

காசு கேட்காதது, விளம்பரம் வராதது.

பழைய கேசட்: எங்கள் காலத்தில் இந்தத் தந்திரமெல்லாம் இல்லை.

இருந்ததே! 1983இல் வீடியோ கேம் விற்பனை சரிந்த பிறகு அமெரிக்கக் கடைக்காரர்கள் வீடியோ கேம் என்றாலே 'வேண்டாம் சாமி' என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி தன் கேம் பெட்டியோடு ராப் என்ற குட்டி ரோபோவைச் சேர்த்து, பொம்மை மாதிரிக் காட்டிக் கடைக்குள் நுழைந்தது. அந்த ரோபோவுக்கென்று வந்தது மொத்தம் இரண்டே கேம். வாசலைத் திறந்ததோடு அதன் வேலை முடிந்தது. பெட்டிமேல் 'தர முத்திரை' வேறு. அது பிள்ளைக்கு இல்லை, பர்ஸ் வைத்திருப்பவருக்கு.

கணக்கு வாத்தியார்: போனைக் கொடுத்தது அப்பன். கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

இரட்டைவால் அம்மா: வாத்தியாரே, உங்கள் வீட்டில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சண்டை வேண்டாம். வாத்தியார் ஐயா, 2014இல் ஆப்பிள் 3.25 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது ஏன் தெரியுமா? அம்மா ஒரு முறை பாஸ்வேர்டு போட்டால், அடுத்த 15 நிமிடம் பிள்ளை கேட்காமலே வாங்க முடிந்தது. அதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. கண்காணித்த அம்மாவும்தான் மாட்டினார்.

கணக்கு வாத்தியார்: சொல்லாதது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விற்பதே தப்பா?

விற்கட்டும், விலையை ரூபாயில் எழுதட்டும். கேமுக்குள், திறந்தால் என்ன வருமென்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்பதைச் சூதாட்டம் என்று 2018இல் பெல்ஜியம் சொல்லிவிட்டது. எனக்கும் அதே கருத்துதான். இதற்கு மேல் தனி இழையில் அடித்துக்கொள்ளுங்கள்.

மேகலை: கேமில் வயசு 12+ என்று போட்டிருக்கிறதே, போதாதா?

அது முக்கியமாக ரத்தம், வசவு பற்றிய அளவுகோல். 1993இல் மார்ட்டல் காம்பாட் என்ற ரத்தக்களறி சண்டை கேமை வைத்து அமெரிக்க செனட் விசாரித்ததும், அரசு தலையிடுமோ என்று பயந்து அடுத்த வருடமே கேம் கம்பெனிகளே அமைத்துக்கொண்டதுதான் அங்குள்ள தரக்குறியீட்டு வாரியம். உங்கள் பர்ஸுக்கு ஆபத்தா என்று பார்க்க, 'கேமுக்குள் வாங்கும் வசதி' என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள்.

தென்றல்: ஐந்து வயசுக்குச் சேஃபான கேம் சொல்லுங்களேன்?

புதுவரவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அவசரம்: நேற்று ராத்திரி பையன் 4,000 ரூபாய்க்கு ஏதோ வாங்கிவிட்டான்!

ஆண்ட்ராய்டு என்றால் 48 மணி நேரத்துக்குள் கூகிள் ப்ளேயில் ரீஃபண்ட் கேளுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், போங்கள். அப்படியே கார்டையும் நீக்கிவிடுங்கள்.