ஆய்வுகூடத் திசுவில் சோதித்த ஊசியாம்: மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் 18 மாடுகள் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் வளர்த்த மாட்டுத் திசுவில் சோதித்த கால் வாய் நோய் ஊசி என்று ஒருவர் கொண்டுவந்தார். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதுமாம், உயிருள்ள மாட்டில் சோதிக்கவே தேவையில்லையாம். நம்பலாமா?

பதில்: வேண்டாம், போடாதீர்கள்.

திசு வளர்ப்பு பொய்யில்லை. உதாரணமாக, குடலின் மூல உயிரணுக்களை (பெருகிப் புதுத் திசுவை உண்டாக்கும் உயிரணுக்களை) கூழ் போன்ற ஒன்றில் வைத்தால், மணல் பருமனில் குட்டிக் குடலாக உருண்டு வளரும். எலிக் குடலில் 2009இல் செய்தார்கள், பிறகு மாட்டிலும் வந்தது. கிருமி எப்படி உள்ளே நுழைகிறது, மருந்து கிருமியைக் கொல்கிறதா திசுவையே கொல்கிறதா என்று அதில் பார்க்கலாம். ஆனால் தடுப்பூசி மாட்டின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்ப வேண்டும். குடல் உருண்டையிடம் அது ஏது?

மாட்டுக்கு நோயைக் கொடுத்துச் சோதிக்காமல் விட ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத்தான் இவர்கள் திரிக்கிறார்கள். ஊசி போட்ட மாட்டின் நாக்கில் வைரஸை ஏற்றி, காலில் கொப்புளம் வருகிறதா என்று பார்ப்பது பழைய முறை. அப்படித் தேறிய தடுப்பூசியின் அடுத்தடுத்த தொகுதிகளுக்கு (ஒவ்வொரு தடவையும் தயாரிப்பவற்றுக்கு), ஊசி போட்ட மாட்டின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரை, வைரஸோடு கலந்து, தட்டில் வளர்த்த உயிரணுக்கள் பிழைக்கின்றனவா என்று பார்க்கலாம். கவனியுங்கள், அங்கேயும் ஊசி ஏறுவது உயிருள்ள மாட்டுக்குத்தான். நோயைக் கொடுப்பதுதான் இல்லை.

அப்புறம், அந்த ஆளிடம் குப்பியைக் கேளுங்கள். எந்த வகை வைரஸுக்கு, தொகுதி இலக்கம் என்ன, காலாவதித் திகதி என்ன? இந்த வைரஸில் 7 வகை, ஒன்றுக்குப் போட்டது மற்றதைத் தடுக்காது. நல்ல ஊசியின் பாதுகாப்பே மாதக் கணக்கில்தான், ஆயுளுக்கு என்றதுமே ஆளை அனுப்பியிருக்கலாம். 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய சாமான் இது. கிண்ணியாப் பக்கம் ஒருவர் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் சொப்பிங் பையில் கொண்டுவந்ததை வாங்கிப் பார்த்தேன், தேத்தண்ணிக் கோப்பை மாதிரிச் சுட்டது.

அரச ஊசி நேரத்துக்கு வராததால்தான் இவர்கள் பட்டிக்குள் நுழைகிறார்கள், தெரியும். மாடு வாயில் நுரை தள்ளிய பிறகு படிவம் நிரப்பச் சொல்லும் அலுவலக வாங்கில் நானும் குந்தியிருக்கிறேன். இருந்தாலும் 18 மாட்டையும் உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் இப்போதே பதிந்து, அடுத்த சுற்று எப்போது என்று விடாமல் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது மாட்டுக்குப் போட்டிருந்தால், எந்த மாடு, எந்தத் திகதி என்று எழுதிக்கொண்டு போங்கள். குப்பியை எறிந்துவிடாதீர்கள்.