தம்பி ரிமாண்டில் இருக்கிறான், குற்றத்தை ஒப்புக்கொண்டால் கேஸ் சீக்கிரம் முடிந்துவிடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். 22 வயது தம்பி நண்பனோடு மோட்டார் சைக்கிளில் போகும்போது மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பிடிபட்டிருக்கிறான், அது திருட்டு மோட்டார் என்கிறது போலீஸ், நாலு நாள் ரிமாண்ட் முடிந்து திங்கட்கிழமை கோர்ட். "ஒத்துக்கிட்டா ஃபைன் கட்டிட்டு அன்னைக்கே வீட்டுக்கு வந்திடலாம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

நான் வக்கீல் இல்லை, பினாங்கில் கிரிமினல் கேஸ் எடுக்கும் ஒரு வக்கீலிடம் ரொம்ப காலமாக கிளார்க் வேலை பார்க்கிறேன். அதனால் நான் சொல்வதை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தத் தெரிந்தவர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். மோட்டார் திருட்டுக்குப் பெரும்பாலும் தண்டனைச் சட்டம் 379ஏ பிரிவில்தான் குற்றம் சாட்டுவார்கள். அதில் குறைந்தது ஒரு வருஷம் சிறை, அதிகபட்சம் ஏழு வருஷம், அதற்கு மேல் அபராதமும் போடலாம். அபராதம் மட்டும் கட்டிவிட்டு வருவதற்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை. சாதாரணத் திருட்டுக்கான 379-இல் அபராதத்தோடு முடிய வாய்ப்பு உண்டு, அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் பேசியிருப்பார். அந்த ஒரு எழுத்துக்கு ஒரு வருஷம்.

ஆகவே குற்றச்சாட்டுத் தாள் கைக்கு வந்ததும் கதையைப் படிப்பதற்கு முன்னால் கடைசி வரிகளைப் பாருங்கள், எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று அங்கேதான் இருக்கும். மலாயில் இருக்கும், புரியவில்லை என்றால் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார், கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம்.

இப்போது ரிமாண்ட் விஷயம். அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்வது இரண்டு: ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், தான் விரும்பும் வக்கீலிடம் பேச விட வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 14 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் அதிகபட்சம் நாலு நாள், பிறகு கேட்டால் இன்னும் மூன்று நாள், அவ்வளவுதான். உங்கள் தம்பியின் கேஸ் இந்தக் கணக்கில்தான் வரும். (சொஸ்மா என்ற பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, 28 நாள் வரை வைத்திருக்கலாம். அது தனிக் கதை.) திங்கட்கிழமை ரிமாண்டை நீட்டிக்கக் கேட்டால் வக்கீல் எழுந்து எதிர்ப்புச் சொல்லலாம். தம்பியை அடித்திருந்தாலோ, மருந்து கொடுக்கவில்லை என்றாலோ அதை மாஜிஸ்திரேட்டிடம் அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஊதா நிற லாக்காப் சட்டையோடு, பக்கத்தில் போலீஸ் நிற்கும்போது சொல்வது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று சொன்னால் பதிவாகும், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், முகவரி கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு மேல், தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112 இடம் கொடுக்கிறது. "கோர்ட்ல சொல்றேன் சார்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும், முறைத்துக்கொள்ளத் தேவையில்லை. எழுதியதை அவன் பேசிய மொழியிலேயே வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து, தப்பு இருந்தால் திருத்தச் சொல்லலாம். ஒன்று மட்டும் கவனம்: வாக்குமூலம் பொதுவாக கோர்ட் விசாரணையில் அவனுக்கு எதிராகச் செல்லாது என்றாலும், அவன் சொல்லி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்குச் சொன்னது சாட்சியமாகிவிடும்.

ஒப்புக்கொள்வதில் என்ன ஆபத்து என்று புரிய, எங்கள் கேஸ் இல்லை, நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது ஒன்று. ஒரு பையன், இதே மாதிரி மோட்டார் கேஸ், கூட வக்கீல் இல்லை. குற்றச்சாட்டைப் படித்தார்கள், ஒத்துக்கொண்டான். அப்புறம் கேஸ் விவரத்தைப் படித்தார்கள், இரண்டே பத்திதான். அதில் அவனே வயரைச் சேர்த்து மோட்டாரைக் கிளப்பியதாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்ல தலையாட்டிக்கொண்டே இருந்தவன், வயர் என்ற இடத்தில் நிமிர்ந்து, "நான் பின்னால உட்கார்ந்து போனேன், வயரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க" என்றான். மாஜிஸ்திரேட் உடனே நிறுத்தி, ஒப்புதலை ஏற்காமல், பையன் குற்றத்தை மறுத்து கோர்ட் விசாரணை கோருவதாகப் பதிவு செய்தார். அவர் பொறுமையானவர், பையனும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான், அதனால் தப்பித்தான். உங்கள் தம்பியும் பின்னால் உட்கார்ந்தவன்தானே? திருட்டு மோட்டார் என்று அவனுக்குத் தெரியுமா என்பதுதான் முழுக் கேஸும்.

விசாரணை கோரினால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்று நினைக்காதீர்கள். போலீஸ் ரிப்போர்ட்டும், அவர்கள் காட்டப்போகும் ஆவணங்களும் விசாரணைக்கு முன்னால் உங்கள் தரப்புக்குக் கொடுக்கப்பட வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51ஏ பிரிவு. அதைப் பார்த்துவிட்டு, குற்றச்சாட்டைக் குறைக்கச் சொல்லியோ கைவிடச் சொல்லியோ வக்கீல் அரசுத் தரப்புக்கு எழுதலாம். அப்போது ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தால் கையில் ஏதாவது இருக்கும். முதல் நாள் காலையில் ஒன்றுமே இருக்காது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் ஒய்பிஜிகே, அதாவது தேசிய சட்ட உதவி அறக்கட்டளை. 2012லிருந்து நடக்கிறது, மலேசியக் குடிமகன் என்றால் ரிமாண்ட், ஜாமீனுக்கு இலவசமாக வக்கீல் வருவார், முழு விசாரணைக்கு மட்டும் வருமானம் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் இன்றைக்கே கூப்பிடுங்கள். "உள்ளே ஆள் இருக்கு, கொஞ்சம் பணம் கொடுத்தா செட்டில் பண்ணிடலாம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், லஞ்சம் கொடுப்பவருக்கும் 20 வருஷம் வரை சிறை உண்டு, ஒரு கேஸுக்குப் பதில் வீட்டில் இரண்டு கேஸ் ஆகிவிடும்.

திங்கட்கிழமை ஜாமீன் எடுக்க ஒரு மலேசியர் ஐசியோடு காலையிலேயே கோர்ட்டில் இருக்கட்டும். 379ஏ பிரிவில் ஜாமீன் கொடுப்பது நீதிபதியின் விருப்பம், அதனால் வேலைக் கடிதம், அம்மாவின் மருத்துவச் சீட்டு, இதெல்லாம் இருந்தால் வக்கீலிடம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள். பணத்தை அன்று கவுண்டர் மூடுவதற்குள் கட்ட வேண்டும், தவறினால் அன்றிரவு அவனைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு தேதிக்கும் அவன் ஒழுங்காக வந்தால் கேஸ் முடிந்ததும் அந்தப் பணம் ஜாமீன் போட்டவருக்கே திரும்பிவரும்.